காவல் நிலையத்தில் 120 மணி நேரம்: மாணவர் திட்டம் எப்படி இருக்கிறது?

கல்லூரி மாணவர்களைக் காவல் நிலையங்களில் பயிற்சிக்கு அமர்த்தும் ஒன்றிய அரசின் காவல் அனுபவக் கற்றல் திட்டத்தின் கீழ், எங்கள் ஊர் நிலையத்தில் 120 மணி நேரம் தன்னார்வலராகப் பணியாற்றினேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் சேருங்கள் என்றே சொல்வேன்.

பெரும்பாலான நேரம் வரவேற்பு மேசையில்தான் கழிந்தது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும், தொலைந்த கைப்பேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை, ஒன்றிய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்து கைப்பேசியை முடக்க உதவுவதும், இணையத்தில் பணத்தை இழந்து வருபவர்களை உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்வதும் என் வேலைகள். பேரனின் கைப்பேசி தொலைந்ததாக வந்த பாட்டி ஒருவர், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "இது போதுமாய்யா?" என்று மூன்று முறை கேட்டார். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால், இந்த ரசீது போன்ற ஒரு துண்டுத் தாளே ஏழைக்கு எத்தனை பெரிய பிடிமானம் என்பது அப்போதுதான் புரிந்தது.

காவலர்களுக்கு உதவும் தன்னார்வலர்கள் அத்துமீறியதாகப் புகார் எழுந்து, 2020இல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு பலருக்கு நினைவிருக்கும் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கு எந்த அதிகாரமும் தரப்படவில்லை, அதுவே சரி.

குறைகளும் உண்டு. முதல் வாரம் எங்களுக்கு என்ன வேலை தருவது என்று நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை. பந்தோபஸ்து நாள்களில் நிலைய எழுத்தரும் பாரா காவலரும் மட்டுமே இருப்பதால், கற்றுத்தர ஆள் கிடைப்பதில்லை. சான்றிதழ் வர இரண்டு மாதங்கள் ஆயின. ஆகவே கடைசி நாளன்றே வருகைப் பதிவில் ஆய்வாளரின் கையொப்பத்தைப் பெற்று, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.