டோக்கியோவின் பழைய ஹோட்டல்: எல்லாம் சரி, நவம்பர் ஏசி மட்டும் சரியில்லை

வேலையாக டோக்கியோ கிளம்பும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீ வழக்கமாகத் தங்கும் அந்தப் பழைய ஹோட்டலில் அறை போடட்டுமா? அதே காசுக்குப் புதுசு ஒன்றும் கிடைக்கிறது." வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

1964 ஒலிம்பிக்ஸை ஒட்டி டோக்கியோவில் பெரிய ஹோட்டல்கள் அடுத்தடுத்து எழும்பின. 1962ல் ஒகுரா, 1963ல் ஹில்டன், 1964ல் நியூ ஒடானி, டோக்கியோ பிரின்ஸ். நான் தங்குவது இவற்றில் ஒன்றல்ல, அந்த வேகம் அடங்குவதற்குள் கட்டப்பட்ட இன்னொன்று. பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றுக்கும் பொது என்பதால் பெயர் தேவையும் இல்லை.

முதலில் நல்லது. அறை 30 சதுர மீட்டருக்கு மேல். டோக்கியோவில் இது பெரிய விஷயம். ஸ்டேஷன் பக்கத்து பிசினஸ் ஹோட்டல்களில் 12, 15 சதுர மீட்டர்தான் கிடைக்கும். இங்கே இரண்டு பெட்டியைத் தரையில் விரித்துப் போட்டு, நடுவில் நடக்கலாம். உட்கார்ந்து வேலை பார்க்க உண்மையான மேசை இருக்கிறது. குளியலறை மட்டும் சின்னது, வாசலில் ஒரு படி ஏற வேண்டும். நியூ ஒடானியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளியலறைகளை ஒலிம்பிக்ஸுக்குள் முடிப்பதற்காக, குளியலறைச் சாமான்கள் செய்யும் டோடோ நிறுவனம் அவற்றைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்தியது. அதற்குப் பிறகு ஜப்பான் முழுக்க அந்த முறைதான் பரவியது. இங்கேயும் அதுதான், தொட்டி, சுவர், தரை எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரி. எனக்கு அது குறையாகப் படவில்லை, தொட்டி ஆழமாக இருப்பதால் குளியல் சுகம்.

சலவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை கைப்பட்டன் இல்லாத சட்டையை அப்படியே சலவைக்குப் போட்டுவிட்டேன். மாலையில் திரும்பி வந்தபோது பட்டன் இருந்தது. வெறுமனே ஒரு வெள்ளைப் பட்டன் இல்லை. மற்ற பட்டன்களின் அதே லேசான மஞ்சள், அதே நான்கு துளை, துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் நூலைச் சுற்றி உயர்த்தித் தைத்திருந்தார்கள். பில்லில் அதற்குத் தனிக் காசு இல்லை. சட்டையோடு ஒரு சிறு சீட்டு: பட்டன் இல்லாததால் பொருந்துகிற ஒன்றை வைத்திருக்கிறோம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுகிறோம். இவ்வளவு அக்கறையை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

காலை உணவு நன்றாக இருக்கும். ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும், மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அப்புறம், ஏசி.

இந்த மாதிரிக் கட்டடங்களில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜோடிக் குழாய்தான் போகிறது, தண்ணீர் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. கோடையில் அதில் குளிர்ந்த நீர் ஓடும், குளிர்காலத்தில் வெந்நீர். அறையில் இருக்கும் ஃபேன் அந்தக் குழாயின் மேல் காற்றை ஊதும், அவ்வளவுதான். கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒன்று குளிர் அல்லது சூடு. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது கணக்கிலேயே இல்லை. சுவரில் இருக்கும் திருகில் பலம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலை. அது காற்றின் வேகத்தை மட்டும்தான் மாற்றும். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வெந்நீருக்கு மாற்றிவிட்டால், மறுபடி வசந்தம் முடியும் வரை குளிர்ந்த காற்றுக்கு வழியில்லை.

நவம்பரில் டோக்கியோவின் பகல் 17 டிகிரியைச் சுற்றி இருக்கும், இரவு 10க்குக் கீழே இறங்கும். வெளியே கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிற குளிர். அறைக்குள் வந்தால் 26, 27. ஏசியை அணைத்தாலும் இறங்காது. மேற்குப் பார்த்த ஜன்னலில் மத்தியானத்திலிருந்து வெயில் அடித்திருக்கும், கான்கிரீட் அந்தச் சூட்டை விடாமல் வைத்திருக்கும், அறை வாசல் நடைவழியிலிருந்தும் சூடு வரும். கனத்த மெத்தைப் போர்வையைத் தள்ளிவிட்டு, இரவு 2 மணிக்கு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன் செய்தால் உடனே ஆள் வருகிறார். கையில் ஒரு நிற்கும் ஃபேன், ஒரு சின்னச் சாவி. அந்தச் சாவியால்தான் ஜன்னலைத் திறக்க முடியும், அதுவும் ஒரு கை நுழையும் அளவுக்கு. ஃபேனை வைத்துவிட்டு ஓடிவிடுவதில்லை. கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேராகக் காற்று அடிக்குமா என்று குனிந்து பார்க்கிறார், உயரத்தைக் குறைக்கிறார், இருட்டில் கால் தடுக்காதபடி ஒயரைச் சுவரோரமாக விடுகிறார். மன்னிப்புக் கேட்கிறார். அடுத்த வருடம் நவம்பரில் போனபோது ஃபேன் எனக்கு முன்பே அறையில் நின்றிருந்தது.

மனசு நெகிழ்ந்தது உண்மை. அந்த ராத்திரியே கோபமும் வந்தது. எனக்கு ஃபேன் வேண்டும் என்று என் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அறை வேகும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் முன்பதிவுப் பக்கத்தில் "குளிர்சாதன வசதி உண்டு" என்று மட்டும் போடுகிறார்கள். நவம்பர் என்பது டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு காய்என் பூங்காவில் ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகும் பருவம். ஊரெல்லாம் கூட்டம், அறை வாடகை உச்சத்தில். வருடத்திலேயே அதிகக் காசு வாங்கும் வாரத்தில் வருடத்திலேயே மோசமான அறையைக் கொடுக்கிறார்கள். ஒரு வரி, "இந்தத் தேதிகளில் குளிர்ந்த காற்று வராது" என்று எழுதினால் போதும். பட்டனுக்குச் சீட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனிக் குழாய் போட வேண்டுமென்றால் மாடி மாடியாக மூடிவிட்டு உட்கூரையை உடைக்க வேண்டும். அந்தக் காலத்து மாடிகளின் உயரம் குறைவு, உட்கூரைக்கு மேல் குழாய் போக இடமே கிடையாது. அதோடு இந்தக் கட்டடங்கள் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதே கேள்வி. ஒகுராவின் பழைய கட்டடத்தை 2015ல் இடித்துவிட்டார்கள். இம்பீரியல் ஹோட்டலும் படிப்படியாக இடித்துக் கட்டும் திட்டத்தில் இருக்கிறது. இடிக்கப்போகும் கட்டடத்தில் யார் குழாய் மாற்றுவார்கள்?

பாதுகாப்பு பற்றி நண்பர் கேட்டதால் இதுவும். 1982ல் டோக்கியோவின் ஹோட்டல் நியூ ஜப்பான் தீ விபத்தில் 33 பேர் இறந்தார்கள், பெரும்பாலான இடங்களில் தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்லர் இல்லை. இப்போது தீத் தடுப்பு விஷயத்தில் கண்டிப்பு அதிகம். கட்டிலருகே சுவரில் மாட்டியிருக்கும் டார்ச்சைத் தாங்கியிலிருந்து எடுத்தாலே எரியும், எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்க விதிகள் 1981ல் கடுமையாயின. அதற்கு முன் கட்டிய பெரிய ஹோட்டல்கள் உறுதிப் பரிசோதனை செய்து முடிவை அரசு நிர்வாகத்திடம் தர வேண்டும், நிர்வாகம் அதை வெளியிட வேண்டும் என்று 2013ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எனவே தயங்காமல் கேட்கலாம்.

ஜனவரி, பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட் என்றால் யோசிக்காமல் பழைய ஹோட்டலில் போடுங்கள். கோடையில் அந்தக் குளிர்ந்த நீர் அருமையாக வேலை செய்யும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் என்றால் காசு கட்டும் முன் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வரும் தேதியில் குளிரா, சூடா? நேர்மையாகப் பதில் போடுவார்கள்.

எனக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்த ஹோட்டல் இதுதான். ஆனால் வரும் நவம்பருக்கு வேறு இடம் போட்டாகிவிட்டது. புதுக் கட்டடம், 18 சதுர மீட்டர், பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை, பட்டன் போனால் போனதுதான். ரிமோட்டில் 22 வைத்தால் 22 வரும்.