முதல் ஐபோனா, என்95ஆ, ஜி1ஆ: விற்பனை எண்களை லோயாட்டிலிருந்து பார்த்தால்

2007 ஜூலை 24ஆம் தேதி ஐபோனுக்கு அமெரிக்காவில் இணைப்புத் தந்த தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. ஐபோன் விற்பனைக்கு வந்த முதல் இரண்டு நாளில் 146,000 இணைப்புகள் இயக்கப்பட்டதாக அதில் இருந்தது. ஆய்வாளர்களில் சிலர் 5 லட்சம், 7 லட்சம் என்று கணித்து வைத்திருந்தார்கள். ஆப்பிள் பங்கு அன்றே சுமார் 6 விழுக்காடு சரிந்தது. மறுநாள் ஆப்பிள் தன் கணக்கைச் சொன்னது: முதல் 30 மணி நேரத்தில் விற்றது 270,000. ஒரே போன், ஒரே வார இறுதி, இரண்டு எண்கள். இரண்டும் உண்மைதான். ஒன்று கடையை விட்டுப் போன பெட்டிகளின் கணக்கு. இன்னொன்று ஏடி அண்ட் டி கட்டமைப்பில் உயிர்பெற்ற போன்களின் கணக்கு.

முதல் தலைமுறைத் திறன்பேசி எதை எடுத்தாலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. அதனால்தான் கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு அந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவை அந்தப் போன் எப்படி விற்கப்பட்டது என்பதைச் சொல்லும் அளவுக்கு, எப்படிப்பட்ட போன் என்பதைச் சொல்வதில்லை. அந்த நாட்களில் நம் ஊரில் ஒருவர் உண்மையில் எடை போட்டுப் பார்த்த போன்களை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில் ஐபோன். 2007 ஜூன் 29 அன்று 4 ஜிபி 499 டாலருக்கும் 8 ஜிபி 599 டாலருக்கும் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஜனவரியிலேயே இலக்கைச் சொல்லிவிட்டார்: 2008இல் உலகக் கைப்பேசிச் சந்தையில் 1 விழுக்காடு, அதாவது 1 கோடி போன். அந்த 2007இல் நோக்கியா மட்டும் 43 கோடிக்கு மேல் விற்றது. அந்த அளவில் பார்த்தால் 1 கோடி சின்ன எண்தான். ஆனாலும் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர், ஐபோனுக்குக் குறிப்பிடத்தக்க சந்தைப் பங்கு கிடைக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொன்னார். செப்டம்பர் 5ஆம் தேதி 8 ஜிபியின் விலை ஒரே நாளில் 200 டாலர் குறைந்து 399 ஆனது. 4 ஜிபி நிறுத்தப்பட்டது. முன்னமே வாங்கியவர்கள் கொதித்ததால் ஆளுக்கு 100 டாலர், ஆப்பிள் கடையிலேயே செலவழிக்கும் வரவாகத் தரப்பட்டது. 74ஆம் நாளில் பத்து லட்சமாவது போன் விற்றது.

இங்கேதான் நம் கதை நுழைகிறது. அந்த முதல் ஐபோனைக் கடையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் முழு விலை கொடுத்து எடுத்துப் போகலாம். வீட்டில் ஐடியூன்ஸில் செருகித்தான் இணைப்பை இயக்க வேண்டும். அப்படியானால் பெட்டியை வாங்கியவர் ஏடி அண்ட் டி பக்கமே போகாமல் விமானம் ஏற்றி அனுப்பவும் முடியும். 2007 அக்டோபரில் ஆப்பிளே ஒரு மதிப்பீட்டைச் சொன்னது: அதுவரை விற்ற சுமார் 14 லட்சத்தில் 250,000 போன், ஏடி அண்ட் டி சிம்மை மட்டும் ஏற்கும்படி இருந்த பூட்டை உடைத்துப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வாங்கப்பட்டவை. உடனே ஆளுக்கு இரண்டுதான், ரொக்கம் வாங்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். 2008 ஜனவரியில் ஜாப்ஸ் 200 நாளில் 40 லட்சம் விற்றோம் என்றார். ஏடி அண்ட் டி கணக்கில் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 20 லட்சம்தான் இருந்தது. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் விற்பனையையும் கடையில் தேங்கிய இருப்பையும் கழித்தாலும் பெரிய மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங்கில், கணினி, கைப்பேசிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தது.

599 டாலர் என்றால் அன்றைய மாற்று விலையில் 2,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கொஞ்சம் மேல். 399 டாலர் என்றால் 1,400 வெள்ளிக்குள். நடுவில் கைமாற்றுபவருக்கு இந்த இடைவெளி போதும். விற்பவர் ஊசி போன்ற கம்பியால் போனின் உச்சியில் இருந்த சிம் தட்டைத் தள்ளி எடுப்பார். சிம்மின் ஓரத்தைச் சீவி, அதன் அடியில் காகிதம் போல மெல்லிய இன்னொரு சில்லை ஒட்டி, இரண்டையும் ஒன்றாக உள்ளே தள்ளுவார். கொஞ்ச நேரத்தில் திரையில் மெக்சிஸ் என்றோ செல்காம் என்றோ நம் ஊர்த் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் வரும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: "அண்ணே, ஐடியூன்ஸ் அப்டேட் கேட்டா வேணாம்னு அழுத்துங்க." அதற்குக் காரணம் இருந்தது. 2007 செப்டம்பர் இறுதியில் வந்த 1.1.1 பதிப்பு, பூட்டு உடைத்த போன்கள் பலவற்றைச் செயலிழக்க வைத்தது. இப்படி அதிகாரப்பூர்வமற்ற வழியில் வந்த 'ஏபி செட்' வாங்கியவருக்கு முறையிட இங்கே யாரும் கிடையாது.

அதே கண்ணாடிப் பெட்டியில், அதே விலைக்கு அக்கம்பக்கமாக, நோக்கியா என்95 இருந்தது. 2007 மார்ச்சில் வந்தது, உள்ளூர் வாரண்டியோடு ஒரிஜினல் செட்டாகவே கிடைத்தது. தாளில் எழுதி ஒப்பிட்டால் போட்டியே இல்லை. 5 மெகாபிக்சல் கார்ல் சைஸ் கேமரா, வீடியோ, ஜிபிஎஸ், 3ஜி எல்லாம் அதில் உண்டு. ஐபோனில் 2 மெகாபிக்சல், வீடியோ கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, 3ஜியும் கிடையாது. மலேசியாவில் 2005லிருந்தே 3ஜி இருக்கும்போது 2,000 வெள்ளி கொடுத்து 3ஜிக்கு முந்தைய எட்ஜ் வேகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெட்போன் துளைகூடக் குழிவாக உள்வாங்கி இருந்ததால் வேறு ஹெட்போன் பலவும் அதில் முழுதாக நுழையாது. 2007 தீபாவளிக்கு வந்த வாழ்த்துக் குறுஞ்செய்தியை இன்னொருவருக்கு அப்படியே அனுப்ப முடியாது. ஒரே செய்தியைப் பத்து பேருக்கு ஒன்றாக அனுப்பவும் முடியாது. மாமா, சித்தி, அலுவலக நண்பர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். நம் ஆட்களுக்கு இது சின்னக் குறையே இல்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு வேறுபாடு இன்னும் பெரிது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி 2005லிருந்து ஜாவா உள்ள கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது. என்95இல் ஜாவா உண்டு. முதல் ஐபோனில் ஜாவாவும் இல்லை, தமிழ் விசைப்பலகையும் இல்லை, 2008 ஜூலைவரை செயலிக் கடையும் இல்லை.

இத்தனை இருந்தும் ஐபோனை ஒருமுறை கையில் வாங்கித் திரையை விரலால் தள்ளிப் பார்த்தவர் என்95இன் பட்டியல்களுக்கு மனசாரத் திரும்பவில்லை. இணையப் பக்கம் முழுப் பக்கமாகத் தெரிந்தது. இரண்டு விரலால் விரித்தால் விரிந்தது. என்95இன் 950 எம்ஏஎச் பேட்டரி ஜிபிஎஸ் போட்டால் மாலைவரை தாங்காது என்பதும் உண்மை. ஆனாலும் 2007இல் கோலாலம்பூரில் வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே ஒரு போன்தான் என்றால் என்95தான் சரியான தேர்வு என்பேன். அமெரிக்காவின் 10 லட்சம் என்ற எண்ணுக்காக ஐபோனை எடுத்தவர், அந்த எண்ணுக்குள் இருந்த சேவை எதுவும் தனக்குக் கிடையாது என்பதைப் பிறகுதான் கண்டார்.

ஜி1 நிலைமை வேறு. ஆண்ட்ராய்டின் முதல் போன், ஹெச்டிசி செய்தது, 2008 அக்டோபர் 22 அன்று டி-மொபைல் வழியாக அமெரிக்காவில் வந்தது. 179 டாலர்தான், ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கடையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவதால் பெட்டியோடு நழுவும் வழி குறுகியது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் 10 லட்சம் ஜி1 விற்றதாக டி-மொபைல் சொன்னது. ஐபோன் 74 நாளில் தொட்டதை இது அரை ஆண்டில் தொட்டது என்று அப்போது எழுதினார்கள். அந்த ஒப்பீடு எனக்கு நியாயமாகப் படவில்லை. இது அமெரிக்காவின் நான்காவது பெரிய நிறுவனத்தின் கடைகளில், 3ஜி அப்போதுதான் விரியத் தொடங்கிய கட்டமைப்பில் விற்றது. பெரும்பாலும் ஒப்பந்தத்தோடுதான் விற்றது என்பதால் அந்த 10 லட்சத்தில் பெரும்பகுதி பயன்படுத்திய ஆட்களின் கணக்கு. ஐபோனின் 10 லட்சத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

போனாகப் பார்த்தால் ஜி1 அவசரத்தில் முடித்த வேலை. திரையைத் தள்ளினால் வளைந்து எழும்பி, கீழே ஐந்து வரிசை விசைப்பலகை தெரியும். அந்தப் பகுதி அருமை. ஆனால் 2009இல் 1.5 பதிப்பு வரும்வரை திரை விசைப்பலகையே கிடையாது. ஒரு வரி பதில் தட்ட வேண்டும் என்றாலும் போனைப் படுக்கையாகத் திருப்பித் திறக்க வேண்டும். எல்ஆர்டி ரயிலில் ஒரு கையால் பிடியைப் பிடித்து நின்றுகொண்டு அது ஆகிற காரியமா? வழக்கமான ஹெட்போன் துளையும் இல்லை. செயலி போட இருந்த உள்நினைவகம் சுமார் 70 எம்பி. அதனால்தான் அதிகாரப்பூர்வப் புதுப்பிப்பு 1.6ஓடு நின்றது. 3ஜி நம் அலைவரிசையில் வேலை செய்தது என்பது நல்ல செய்தி. அதற்காக மட்டும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பிளாக்பெர்ரி ஸ்டார்மைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 நவம்பர் 21 அன்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வெரைசன் வழியாக வந்து, ஜனவரி இறுதிக்குள் 10 லட்சம் தொட்டது. ஜி1ஐவிட வேகம். திரை முழுவதையும் ஒரே பொத்தானாக அழுத்தும் அந்த முறையை விமர்சகர்கள் பிய்த்து எறிந்தார்கள், வைஃபையும் கிடையாது. வெரைசனின் கடைகள் எவ்வளவு விற்கும் என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி.

2009 மார்ச் 20 அன்று மெக்சிஸ் வழியாக ஐபோன் 3ஜி அதிகாரப்பூர்வமாக மலேசியாவுக்கு வந்தது. சிங்கப்பூருக்கு அது முந்தைய ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு முதல் ஐபோனின் ஏபி செட் வாங்க எந்தக் காரணமும் மிஞ்சவில்லை.

கடைசியாக, நெக்சஸ் ஒன். எண்ணுக்கும் போனுக்கும் உள்ள தூரம் இதில்தான் அதிகம். 2010 ஜனவரி 5 அன்று கூகுள் தன் பெயரில் விற்ற முதல் போன். கடையில் கிடையாது, கூகுளின் இணையக் கடையில் மட்டும். பூட்டில்லாத போன் 529 டாலர். ஆரம்பத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஹாங்காங், சிங்கப்பூருக்கு மட்டும் அனுப்பினார்கள். நமக்கு ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஃபிளரி என்ற ஆய்வு நிறுவனம் ஐபோனின் அதே 74 நாளை அளவாக வைத்து, நெக்சஸ் ஒன் 135,000 என்று மதிப்பிட்டது. தோல்வி என்று முத்திரை குத்த அந்த எண் போதுமானதாக இருந்தது. மே மாதமே இணையக் கடையை மூடப்போவதாகக் கூகுள் அறிவித்தது.

கையில் தொட்டுப் பார்க்காமல் 529 டாலர் கொடுக்க ஆட்கள் தயங்கினார்கள்; தோற்றது அந்தக் கடைதான். போன், இங்கே சொன்ன முதல் தலைமுறைகளில் ஒரு மலேசியருக்கு மிகப் பொருத்தமானது. பிறந்ததிலிருந்தே பூட்டு இல்லை, எந்த சிம் போட்டாலும் வேலை செய்யும், புதுப்பிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 2.1இல் தொடங்கி 2.3வரை கூகுளே அனுப்பியது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் வழியாக அதை வரவழைத்தவர்கள், 135,000 என்ற எண்ணைப் பார்த்து ஒதுங்கியவர்களைவிட நல்ல போனை வைத்திருந்தார்கள்.