மூன்று நாளா, மூன்று வாரமா, மூன்று மாதமா? ஆர்.வி. வாழ்க்கையில் விசுவாசம் எங்கே வளர்கிறது?

வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில், முழுநேரமாக வாழ முடிவெடுப்பவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது வண்டியைப் பற்றித்தான். பஸ் மாதிரியான கிளாஸ் ஏ-யா, வேனின் முகப்போடு வரும் கிளாஸ் சி-யா, பிக்கப் டிரக்கின் பின்னால் இழுக்கும் ஃபிஃப்த் வீலா? அமெரிக்காவில் இதற்கெல்லாம் ஆலோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜெபம், சபை, ஊழியம் என்று வாழ்ந்து பழகியவர்கள் இந்த வாழ்க்கைக்குள் போகும்போது, வண்டியைவிட முக்கியமாக யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கப்போகிறோம்?

நான் பார்த்தவரை இதற்கு மூன்று பதில்கள் உண்டு. சிலர் இரண்டு மூன்று நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் பருவத்துக்கு ஓர் இடம் என்று மாதக்கணக்கில் நிற்கிறார்கள். இன்னும் சிலர் ஊழிய வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சில வாரங்கள் உழைத்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறார்கள். செலவை வைத்தும் வசதியை வைத்தும் இவற்றைப் பலர் ஒப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எந்த வழியில் மனுஷன் உள்ளுக்குள் வளர்கிறான் என்பதுதான்.

முதலில், மூன்று வழிக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் வண்டி நம்மைச் சுருக்கும். தண்ணீர் கேலன் ஒன்றுக்கு 8.34 பவுண்டு எடை. அதனால் டேங்க் நிறையத் தண்ணீரோடு மலையேறுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது, வாட்டர் ஹீட்டரும் மின்சாரத்தில் சூடாகிக்கொண்டிருக்க, யாராவது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். எதைப் போடுவதற்கு முன்னும் மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கழிவை வெளியேற்றும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கின் வால்வு, பிறகுதான் மற்ற அழுக்குத் தண்ணீர் சேரும் கிரே டேங்க். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்னால் வந்து குழாயை அலசிக்கொண்டு போகும். கையுறை மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவருக்குப் பெருமை பேச அதிகம் மிஞ்சாது. தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். கழிவை வெளியேற்றும் டம்ப் ஸ்டேஷனில் பின்னால் நாலு வண்டி காத்திருக்க, பொறுமையாக வேலையை முடிப்பது அதற்கான தினசரிப் பயிற்சி.

ஆனால் இந்தச் சுருக்கம் பாதிதான். பொருளை உதறிவிட்டோம் என்பதாலேயே குணம் மாறிவிடாது. கோபம், பயம், தனக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எல்லாம் கையளவு அலமாரியிலும் அடங்கிக் கூடவே வரும். மூன்று வழிகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஓடிக்கொண்டே இருப்பவர்களை எடுத்துக்கொள்வோம். பொது நிலங்களைப் பராமரிக்கும் பி.எல்.எம். அமைப்பின் இடங்களில் பெரும்பாலும் 28 நாளில் 14 நாள்தான் ஓரிடத்தில் தங்கலாம். ஆகவே சோலாரும் ஜெனரேட்டருமாக இலவச இடங்களில் நிற்பவர்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நகர்ந்துதான் ஆக வேண்டும். இந்த வழியின் அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். யூட்டாவின் செம்பாறைகளுக்கு நடுவே விடிகாலையில் கதவைத் திறக்கும்போது வரும் துதி தானாக வருகிறது; யாரும் சொல்லித் தர வேண்டாம். நாளை எங்கே நிற்போம் என்று தெரியாத இரவுகளில் ஜெபம் வெறும் வழக்கமாக இல்லாமல் உண்மையான வேண்டுதலாக மாறுகிறது. விசுவாசம் வறண்டு போய் வண்டி ஏறியவர்களுக்கு முதல் சில மாதங்கள் இது மருந்து.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. புதிய ஊர், புதிய சபை. நுழைவாயிலில் கைகுலுக்கல், விருந்தாளிகள் நிரப்பும் அட்டை, ஆராதனை முடிந்து காபி மேசையருகே அதே மூன்று கேள்விகள்: எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், அடுத்து எங்கே? கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் வேறு ஊரில் இதே அட்டை, இதே கேள்விகள். போன மாதம் எதற்காக அழுதோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாம் வராவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். கொஞ்ச நாளில் பலர் சபைக்குப் போவதையே விட்டுவிட்டு, பழைய சபையின் ஆராதனையை செல்போனில் பார்க்கத் தொடங்குகிறார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

இது இன்றைக்கு முளைத்த பிரச்சினையும் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் முதல் அதிகாரத்திலேயே துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார். அதில் மிக மோசமானவர்களாக அவர் சொல்வது, ஒவ்வொரு மடத்திலும் மூன்று நாலு நாள் விருந்தாளியாகத் தங்கிவிட்டு ஓரிடத்திலும் நிலைக்காமல் திரிபவர்களை. ஓரிடத்தில் நிலைத்திருப்பதையே அவர் மடத்தில் ஒரு வாக்குறுதியாக வாங்கினார். அவருடைய கடுமை எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. பயணத்தில் தேவனைச் சந்தித்தவர்கள் ஏராளம். ஆனால் அவர் கை வைத்த இடம் சரியான இடம். மூன்று நாள் விருந்தாளியை யாரும் திருத்த மாட்டார்கள். நம் கோபத்தைப் பார்க்கும் அளவுக்கு ஒருவரும் நம் அருகில் நிற்பதில்லை. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். இருநூறு முந்நூறு சதுர அடிக்குள் இருவர் மட்டும். சண்டை வந்தால் நடுவில் பேசி வைக்க ஒரு மூன்றாம் ஆள் கிடையாது.

ஆபிரகாம் கூடாரத்தில்தானே வாழ்ந்தார் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் லோத்தோடும் ஒரு பெரிய கூட்டத்தோடும் போனார். சீகேமில், பெத்தேலுக்கு அருகே, எபிரோனில் மம்ரேயின் மரங்களுக்கு அருகே என்று அவர் தங்கிய இடங்களில் பலிபீடம் எழும்பியது. எரேமியா காலத்து ரேகாபியரும் வீடு கட்டாமல் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள்தான்; அவர்களும் ஒரு குலமாகச் சேர்ந்தே வாழ்ந்தார்கள். கூடாரத்தைப் பார்க்கிறவர்கள் கூடவிருந்த கூட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பருவத்துக்கு ஓர் இடம் என்ற வழி இந்த இடத்தில்தான் முந்துகிறது. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டைச் சுற்றிப் பாலைவனமே ஊராகிவிடும். அங்கே பி.எல்.எம். நடத்தும் நீண்டகாலத் தங்கும் பகுதிகளில் ஒரே கட்டணத்துக்கு செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். டெக்சாஸின் தெற்கு முனையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், குளிர்காலத்துக்கு வந்து போகிறவர்களுக்கென்றே ஆர்.வி. பூங்காக்கள் இருக்கின்றன. பல பூங்காக்களின் பொது மண்டபத்தில் ஞாயிறு ஆராதனையும், நடுவாரத்தில் வேதபாடமும் நடக்கும். வந்த முதல் வாரம் நாம் விருந்தாளி. இரண்டாம் மாதத்தில் நாற்காலி போடுகிற ஆள் நாம்தான். ஒருநாள் வராவிட்டால் மதியமே கதவைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஆள் இருக்கும்.

வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் விடிய ஆறு மணிக்கே ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். மூன்று நாளில் கிளம்புகிறவர்களாக இருந்திருந்தால் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே போயிருப்போம். மூன்று மாதம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றபோது போய்ப் பேச வேண்டியதாயிற்று. பேசினால்தான் தெரிந்தது, அவருடைய மனைவிக்கு மூச்சுக் கருவி ஓட மின்சாரம் வேண்டும், பழைய பேட்டரி இரவு முழுக்கத் தாங்குவதில்லை என்று. அன்றிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு ஜெப நேரத்தின் மணியானது. மன்னிப்பதும் பொறுப்பதும் பழக வேண்டுமானால் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இப்படிப்பட்ட பூங்காக்கள் பலவற்றில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இடம். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே மாதிரி அபிப்பிராயம். சீட்டாட்டம், பொது விருந்து, நடைப்பயிற்சி என்று நாள் இனிமையாகக் கழியும். அந்த இனிமையிலேயே ஆவிக்குரிய வாழ்க்கை மெதுவாகத் தூங்கிப்போவதை நான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளோடு வண்டியில் வாழும் இளம் குடும்பத்துக்கோ இந்த வாசல் பெரும்பாலும் திறப்பதே இல்லை.

மூன்றாம் வழி ஊழியம். நம் பக்கத்து வாசகர்கள் பலருக்குத் தெரியாத அருமையான ஏற்பாடு இது. சோவர் மினிஸ்ட்ரி என்ற அமைப்பு, ஆர்.வி.யில் வாழும் கிறிஸ்தவத் தம்பதிகளை வேதாகமக் கல்லூரிகள், முகாம்கள், குழந்தைகள் இல்லங்கள் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறது. நோமேட்ஸ் என்பது யுனைடெட் மெதடிஸ்ட் சபையோடு சேர்ந்தது; பேரிடரில் இடிந்த வீடுகளைச் சரிசெய்வதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. இரண்டிலும் பொதுவாக ஒரு வேலை மூன்று வாரம். வசதியில்லாதவர்களுக்கு வீடு கட்ட உதவும் ஹேபிடட் ஃபார் ஹ்யுமானிட்டியின் கேர்-ஏ-வேனர்ஸ் திட்டத்தில் பெரும்பாலும் இரண்டு வாரம். கட்டட வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேசியப் பூங்காக்களில் ஆராதனை நடத்தும் ஊழியம் ஒன்றும் 1950களில் யெல்லோஸ்டோனில் தொடங்கி நடந்துவருகிறது. பூங்காவில் வேலைக்கு வரும் இளைஞர்களே அதில் ஆராதனை நடத்துகிறார்கள்.

மூன்று வாரம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் சேர்ந்து வேலை செய்யும் மூன்று வாரம், சேர்ந்து காபி குடிக்கும் மூன்று மாதத்துக்குச் சமம். காலையில் தியானம், பிறகு சுத்தியலும் பெயின்ட் பிரஷும். ஒருவர் அளந்த பலகையை இன்னொருவர் தவறாக அறுத்துவிட்டால் இருவருடைய குணமும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். ஓய்வு பெற்ற பொறியாளரும் பள்ளி ஆசிரியையும் ஒரே கூரையில் ஓடு மாட்டுவார்கள். முன்னாள் பதவிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தன் வாழ்க்கையின் அடுத்த பகுதி எதற்கு என்று தெரியாமல் வண்டி ஏறியவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

இதற்கு உடம்பு வேண்டும், மாதாமாதம் வருகிற பென்ஷனோ சேமிப்போ வேண்டும். தூரமும் சாதாரணமில்லை: பெரிய வண்டிகள் கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே மூன்று மாநிலம் தாண்டினால் டீசலே கையைக் கடிக்கும். ஓய்வில்லாமல் ஒரு பணியிலிருந்து அடுத்ததுக்கு ஓடி, ஊழியத்தையே தன் அடையாளமாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சும்மா உட்கார்ந்து ஜெபிப்பதுதான் கடினமான வேலை.

வீட்டை வைத்துக்கொண்டு வருஷத்தில் சில வாரம் மட்டும் வண்டியில் போகிற நான்காவது வழியும் இருக்கிறது. கூடாரப் பண்டிகையில் இஸ்ரவேலர் ஏழு நாள் குடிலில் தங்கிவிட்டுத் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். முழுநேரம் போகத் தயங்குபவர்கள் இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சபையும் இருக்கும், பாலைவனமும் கிடைக்கும்.

முகவரி, வரி, வைத்தியம் மூன்றிலும் வழிகளுக்கிடையே பெரிய வித்தியாசமில்லை. சட்டப்படி ஒரு முகவரி வேண்டும் என்பதால் மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றில் ஒன்றை முழுநேரக்காரர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். 65 தாண்டியவர்கள் கவனிக்க வேண்டியது: மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் நாடு முழுக்க, அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் செல்லும். தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவும் ஒரு வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. ஓடிக்கொண்டே இருப்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது. நோயும் முதுமையும் வரும்போது என்ன செய்வது என்பதற்கு டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் இடத்தில், தள்ளாமை வந்தவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் பராமரிப்பும் பெற கேர் என்ற மையம் நடக்கிறது. பத்து வருஷம் ஓடிய மனிதர்கள் கடைசியில் தேடுவது, தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஓரிடத்தைத்தான்.

என் தேர்வைக் கேட்டால், குளிர்காலம் முழுக்க ஒரே பூங்காவில், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஓரிரு ஊழியப் பணிகள், கோடையில் மட்டும் கொஞ்சம் இஷ்டத்துக்குத் திரிதல். ஒரே பூங்காவுக்கு வருஷாவருஷம் திரும்புவது இதில் முக்கியம். இரண்டாம் வருஷம்தான் உறவுகள் உண்மையாகின்றன. துக்கத்தோடு வண்டி ஏறுகிறவர்கள், துணையை இழந்தவர்கள், விசுவாசமே ஆட்டம் கண்டவர்கள் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர்கள் முதலில் சில மாதம் திரியட்டும், மௌனமாக இருக்கட்டும். ஆனால் கிளம்பும் முன்பே, தங்களை அறிந்த ஒருவரோடு வாரம் ஒருநாள் பேச நேரம் குறித்துவைக்கட்டும், போகிற வழித்தடத்தையும் அவரிடம் கொடுத்துவிடட்டும். இளம் குடும்பங்கள் பிள்ளைகளின் வயதுக்கேற்ற ஞாயிறு பள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றித் தங்கள் மாதங்களை அமைத்துக்கொள்ளலாம். வண்டியை இன்னும் வாங்காதவர்கள் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு வார வீடு கட்டும் பணிக்கு வாடகை வண்டியிலேயே வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.