எஸ்.டி.டி. மென்பொருள்: பாட்டிவைரஸ் இனம் பிரிக்க நல்ல கருவி

எஸ்.டி.டி. (Sequence Demarcation Tool) என்பது வைரஸ் வரிசைகளை ஒப்பிட்டு இனம் பிரிக்க உதவும் மென்பொருள். இலவசம், விண்டோஸில் ஓடும். உறைப்புரத (வைரஸின் வெளி உறையாக அமையும் புரதம்) வரிசைகளை ஃபாஸ்டா (வரிசைகளை எழுதிவைக்கும் எளிய உரை வடிவம்) கோப்பாகக் கொடுத்து, வரிசைகளைப் பொருத்திப் பார்க்கும் நிரல்களான மசில் அல்லது மாஃப்ட்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டிரண்டாக ஒப்பிட்டு வண்ண அட்டவணை தருகிறது. செடிகளைத் தாக்கும் வைரஸ் பேரினமான பாட்டிவைரஸில் உறைப்புரதத்தின் அமினோ அமில ஒற்றுமை சுமார் 80%க்குக் கீழே என்றால் தனி இனம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வரிசைகளைப் பொருத்தும்போது இடைவெளி விழுந்த இடங்களை இது கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தப் பேரினத்தில் இனத்துக்கு இனம் அதிகம் மாறுவது உறைப்புரதத்தின் அமினோ முனைதான் (புரத வரிசை தொடங்கும் முனை). அது விடுபட்ட அரைகுறை வரிசையைப் போட்டால், அதிகம் மாறாத நடுப்பகுதி மட்டுமே ஒப்பிடப்படும். ஒற்றுமை உயர்ந்து, வெவ்வேறு இனங்கள் ஒன்றாகத் தெரியும். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் போன்ற பாட்டிவைரஸ் எதுவானாலும் சரி, முழு நீள வரிசையையே கொடுங்கள். 80%ஐ ஒட்டி நிற்பவற்றுக்கு முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட்டே தீர வேண்டும்.