சவுரி இழுத்த முன்முடிக்கு மினாக்சிடில்: ஒரு வருடக் கணக்கு

பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்குக் காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் முடி குறைந்தால் பரம்பரை மேல் பழி போடுவார்கள். சவுரியை யாரும் சந்தேகிப்பதில்லை. இழுவையால் கொட்டிய இடத்தைக் கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கலாம். வெறுமையான பட்டைக்கு முன்னால், பழைய முடிவரிசையில், குட்டை முடிகள் ஒரு வரியாக மிஞ்சியிருக்கும். பின்னலுக்குள் சிக்காததால் தப்பித்தவை அவை. கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கிக் கட்டியதால் வந்த இதே உதிர்வு 1907-லேயே பதிவாகியிருக்கிறது.

கட்டு மாறாமல் மருந்து வாங்குவது வீண் செலவு. ஒத்திகைக்குச் சவுரியே வேண்டாம். மேடைக்கு என்றால், சொந்த முடியைப் பிடரியில் மூன்று நான்கு பின்னல் போட்ட பிறகு சவுரியைச் சேர்க்க வேண்டும். உச்சியிலேயே சேர்த்தால் பாரம் முழுக்க நெற்றி முடியை இழுக்கும். ஈரத்தலையில் பின்னவே கூடாது. ஈர முடி நீண்டு கொடுக்கும், காயும்போது சுருங்கி இன்னும் இறுகும். நெற்றிச்சுட்டியின் நூலை ஒவ்வொரு முறையும் ஒரே கற்றையில் முடிச்சுப் போடாதீர்கள். புருவம் மேலே ஏறினாலோ முடிவரிசையில் சின்னக் கொப்புளம் கிளம்பினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். ஆடி முடித்து சலங்கையைக் கழற்றும் கையோடு ஜடையையும் அவிழ்த்துவிட வேண்டும்.

இனி மருந்து. இந்த உதிர்வுக்கென்றே அங்கீகரிக்கப்பட்டதல்ல என்றாலும் தோல் மருத்துவர்கள் தலையில் தடவும் முடி வளர்ச்சி மருந்தான மினாக்சிடிலை எழுதுவதுண்டு. பெண்களுக்கு 2% திரவம் என்றால் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 1 மி.லி. 5% நுரை என்றால் ஒரு வேளை, அரை மூடி. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடக்கூடாது. முடியில் ஊற்றிப் பயனில்லை. காய்ந்த தோலில் படவேண்டும். படுக்க இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். இல்லையென்றால் தலையணை வழியாகக் கன்னத்துக்குப் போய் அங்கே பூனைமயிர் வளரும். (நிஜப் பூனை வளர்க்கும் வீடு என்றால் இன்னும் கவனம்: மினாக்சிடில் பூனைக்கு விஷம்.)

முதல் இரண்டு மாதம் இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பாதிப்பேர் பாட்டிலைத் தூக்கிப் போடுவது இங்கேதான். அது பழைய முடி விலகி வழிவிடுகிற கட்டம். நான்காவது மாதம்வரை பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பிறகும் நிறமில்லாத மெல்லிய இழைகள்தான் முதலில் தெரியும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. மட்டுமே நீளும் என்பதால், அவை பின்னலுக்குள் அடங்க ஒரு வருடம் போதாது. மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே வகிடு வைத்துப் படம் எடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். திரவத்தில் அரிப்பு வந்தால் பெரும்பாலும் அதிலுள்ள புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் காரணம். நுரையில் அது கிடையாது.

தோல் வழுவழுவென்று மின்னி, முடிக்கால் துளைகளே தெரியாவிட்டால் தழும்பாகிவிட்டது. அதற்குமேல் எந்த பாட்டிலும் வேலை செய்யாது.