கமாவில் சரத்தை வெட்ட: ஸ்ட்ர்டாக்கும் ஸ்ட்ர்செப்பும்

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகள் சிலவற்றுக்குச் சி மொழியில் எழுதிய நிரல்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் விபரம் எல்லாம் கமா போட்ட வரிகளாகத்தான் வரும். அவற்றைப் பிரிக்க, சரத்தை (எழுத்துத் தொடரை) துண்டாக்கும் சி செயற்கூறுகளான ஸ்ட்ர்டாக் (strtok), ஸ்ட்ர்செப் (strsep) இரண்டையும் நீண்ட காலம் பயன்படுத்தியிருக்கிறேன். கமாக் கோப்பு என்றால் என் தெரிவு ஸ்ட்ர்செப்தான்.

காரணம், வெற்றுப் புலம், அதாவது இரண்டு கமாவுக்கு இடையில் ஒன்றும் இல்லாத இடம். தொலைபேசி இலக்கம் தராத வாடிக்கையாளரின் வரியில் இரண்டு கமா அடுத்தடுத்து வரும். ஸ்ட்ர்டாக் இரண்டையும் ஒன்றாகவே எண்ணித் தாண்டிவிடும். அடுத்த புலமான 'கொழும்பு 11' தொலைபேசி இலக்கத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. ஸ்ட்ர்செப் அந்த இடத்தில் வெற்றுச் சரத்தைத் தந்து வரிசையைக் காப்பாற்றும்.

ஸ்ட்ர்டாக் தான் நின்ற இடத்தைத் தனக்குள்ளேயே நினைவில் வைக்கும். வரிகளைப் பிரிக்கும்போதே உள்ளே புலங்களையும் பிரிக்கப் போனால், வெளிச் சுற்றின் நினைவு அழிந்துவிடும். இதற்குப் போசிக்ஸில் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) ஸ்ட்ர்டாக்_ஆர் (strtok_r) இருக்கிறது; நின்ற இடத்தை நாம் கொடுக்கும் மாறியில் வைக்கும். சொற்களை இடைவெளியில் பிரிக்க இன்றும் அதையே எழுதுகிறேன்.

ஸ்ட்ர்செப் பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து வந்தது. சி தரநிலையில் அது இல்லை, விண்டோஸிலும் கிடைக்காது. பரவாயில்லை, அடுத்த பிரிப்பான் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் ஸ்ட்ர்சிஸ்பேனை (strcspn) வைத்துச் சில வரிகளில் நாமே எழுதிவிடலாம். அப்புறம், இரண்டுமே பிரிக்கும் இடத்தில் சரத்தின் முடிவைக் குறிக்கும் பூச்சிய பைட்டை எழுதி மூலச் சரத்தை மாற்றிவிடும். ஆகவே பிரதி எடுத்துக் கொடுங்கள். ஸ்ட்ர்செப் சரத்தின் முகவரியை வைத்திருக்கும் பொயின்டரையும் நகர்த்துவதால், மலாக்கில் (malloc, நினைவகம் கேட்டு வாங்கும் செயற்கூறு) எடுத்த நினைவகம் என்றால் தொடக்க முகவரியைத் தனியே வைத்திருந்தால்தான் பிறகு விடுவிக்க முடியும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் கமாவின் பைட் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது. 'வெள்ளவத்தை,கொழும்பு 06' சுத்தமாகப் பிரியும். ஆனால் தமிழ் எழுத்தையே பிரிப்பானாகக் கொடுக்காதீர்கள். 'அ' என்பது 3 பைட். இவை ஒவ்வொரு பைட்டையும் தனித்தனிப் பிரிப்பானாக எடுப்பதால், அதே பைட்டுகளைக் கொண்ட மற்றத் தமிழ் எழுத்துகளும் சிதறிவிடும். அங்கே முழு எழுத்தையும் ஒன்றாகத் தேடும் ஸ்ட்ர்ஸ்டர் (strstr) கொண்டு தேடுவதே சரி.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவை இரண்டுக்கும் தெரியாது. '24/1, காலி வீதி' போன்ற முகவரிகள் வரும் என்பதால், இப்போதெல்லாம் கடைகளிடம் டேப் வைத்த கோப்பாகவே கேட்டு வாங்குகிறேன்.