ஜியோசர்வரின் தரவுக் கோப்புறையை வெளியே வைத்து ஓட்டிய அனுபவம்

கிளிநொச்சியில் நாங்கள் சேர்த்துவரும் குள வரைபடங்கள் 2021 இலிருந்து, வரைபடங்களை இணையத்தில் வெளியிடும் ஜியோசர்வர் மென்பொருளில்தான் ஓடுகின்றன. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களை எந்த வரைபடத்திலும் பார்க்கலாம். கமக்காரர்கள் ஜிபிஎஸ்ஸோடு அலைகரை சுற்றி நடந்து குறித்துத் தந்த சிறுகுளங்களும் துருசுகளும் (மதகுகள்) வாய்க்கால்களும் எங்களிடம் மட்டும் இருப்பவை. அவை தொலைந்தால் மறுபடி நடந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே தரவு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

ஜியோசர்வர் ஒரு ஜாவா வலைச் செயலி. செயலி முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டிய அதன் வார் கோப்பை, ஜாவாச் செயலிகளை ஓட்டும் சர்வரான டொம்கெட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் போட்டால் தானாக விரிந்து ஓடத் தொடங்கிவிடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், தன் அமைப்புகளும் தரவுகளும் இருக்கும் தரவுக் கோப்புறையையும் விரிந்த அந்தச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பிறகு புதிய பதிப்பு போடுவதற்காகப் பழைய வாரை நீக்கினால், விரித்த கோப்புறை முழுவதையும் டொம்கெட் அழித்துவிடும். லேயர் (வரைபட அடுக்கு), ஸ்டைல் (அதை வரையும் பாணி), பயனர் கணக்கு எல்லாம் அதோடு போகும்.

இடத்தை மாற்ற மூன்று வழிகள் உண்டு: ஜாவாவுக்குக் கொடுக்கும் சிஸ்டம் ப்ராபர்ட்டி, செயலியின் வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பராமீட்டர், இயங்குதளத்தின் சூழல் மாறி. மூன்றிலும் பெயர் ஒன்றே. ஜியோசர்வர், டேட்டா, டிர் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். ஜியோசர்வர் தேடுவதும் நான் சொன்ன இதே வரிசையில்தான். வெப் எக்ஸ்எம்எல் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கோப்பே வாருக்குள் இருப்பதால் பதிப்பு மாறும்போது நீங்கள் எழுதியதும் மாறிவிடும். டொம்கெட்டின் தொடக்க அமைப்பில் ஜாவா ஆப்ஷன்ஸ் வரியில் பாதையைக் கொடுத்தேன். இன்றுவரை அந்த வரியைத் தொடத் தேவை வரவில்லை.

உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து டொம்கெட் 9 நிறுவியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோப்புறையின் உரிமையை டொம்கெட் பயனருக்கு மாற்றிக் கொடுத்த பிறகும், படிக்க மட்டுமே முடிகிற கோப்பு முறைமை என்று பிழை வரும். உபுண்டுவில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி, குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் எழுத முடியாதபடி அந்தச் சேவையை அடைத்து வைத்திருப்பதே காரணம். டொம்கெட் சேவைக்கு ஒரு ஓவர்ரைடு (override) கோப்பு எழுதி, ரீட்ரைட் பாத்ஸ் என்ற இடத்தில் உங்கள் பாதையைச் சேர்த்தால் சரி.

2022 மின்வெட்டுக் காலம்தான் இந்த அமைப்புக்கு உண்மையான சோதனை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. தரவுக் கோப்புறை தனி வெளி டிஸ்க்கில் இருந்தது. ஒருநாள் கரண்ட் வந்து சர்வர் எழும்பியபோது அந்த டிஸ்க் மட்டும் இணையவில்லை. அலுவலகத் தம்பி வந்து, "அண்ணை, படத்தில எங்கட குளம் ஒண்டையும் காணேல்லை" என்றான். திரையில் மன்ஹாட்டன் தெருக்களும் தாஸ்மேனியாவும் நின்றன. நடந்தது இதுதான்: டிஸ்க் இணையாதபோது அந்தப் பாதையில் இருந்தது, டொம்கெட்டுக்கு எழுத அனுமதியில்லாத வெறும் கோப்புறை. ஜியோசர்வர் லாக்கில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, வாரோடு வரும் மாதிரித் தரவுக்குத் தாவிவிட்டது. தரவுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த நிலையில் யாராவது உள்ளே போய்ப் புதிய லேயர் சேர்த்திருந்தால், அது தவறான இடத்தில் போய் விழுந்திருக்கும்.

இதற்கு மருந்து ஜியோசர்வரிலேயே உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஜியோசர்வர், ரிக்வயர், ஃபைல் என்று அதே முறையில் எழுதும் இன்னொரு மாறி. அதில் தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் குளோபல் எக்ஸ்எம்எல் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தோம். அந்தக் கோப்பு கண்ணில் படாவிட்டால் ஜியோசர்வர் தொடங்கவே தொடங்காது. தவறான படத்தைக் காட்டுவதைவிட ஓடாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

2024 ஜூலையில் ஜியோசர்வரில் பெரிய பாதுகாப்புத் துளை வெளியானது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ரகம். அன்றே 2.25.2க்கு மாற முடிந்தது. முதலில் கோப்புறைக்கு ஒரு நகல், அப்புறம் பழைய வாரை எடுத்துப் புதியதைப் போட்டதுதான் வேலை. சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் தரவுக் கோப்புறையின் பாதை தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலில் அதைப் பாருங்கள்.

குறை சொல்வதானால், இடத்தை மாற்ற நிர்வாகப் பக்கத்தில் வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் டொம்கெட்டை நிறுத்தித் தொடங்க வேண்டும். வரைந்து சேமித்துவைக்கும் வரைபடத் துண்டுகளின் கேஷும் இதே கோப்புறைக்குள் வளர்ந்து நகலெடுப்பதைப் பாரமாக்கும். அதற்கும் தனிப் பாதை கொடுக்கலாம், நாங்கள் கொடுத்துவிட்டோம்.

வேறு கணினிக்கு எடுத்துப் போகிறவர்கள் செக்யூரிட்டி கோப்புறையை விட்டுவிடாதீர்கள். தரவுத்தளக் கடவுச்சொற்களைப் பூட்டிய சாவி அதற்குள்தான் இருக்கிறது. லேயர் சேர்க்கும்போது கோப்பின் பாதையைத் தரவுக் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாகவே கொடுங்கள். முல்லைத்தீவில் இரண்டாவது சர்வர் போட்டபோது அப்படிக் கொடுத்த லேயர்கள் எல்லாம் உடனே வந்தன. முழுப் பாதை கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது.